மருத்துவச்சிக்கு ஒரு ஓட்டுநர் தேர்வு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஃபெயிலக்கா. லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் காரை ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர்களைச் சோதிக்கிற வேலை. தேர்வு வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் எங்காவது கோட்டைவிட்டால் அவள் மிதிப்பாள். மிதித்துவிட்டால் அந்த ஆள் லைசென்ஸை மறந்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான். "அழுதாலும் இரங்காது, சிரிச்சாலும் மசியாது" என்று வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதிலும் விழும். விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியும்.

உண்மையில் அவளுக்கு யாரையும் ஃபெயிலாக்கும் ஆசை கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் அடங்காத ஆர்வம். பயம் வந்தால் ஒருவருக்குக் கண் எங்கே போகிறது, கை எங்கே போகிறது, திட்டுகிறாரா, சாமியைக் கூப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருவர் கியர் மாற்றுவதைப் பார்த்தால் அவர் வீட்டில் எப்படி நடந்துகொள்வார் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாள். அவள் கணவன் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவன். அவளிடம் தேர்வுக்கு வந்து ஃபெயிலாகி, பிறகு அவளையே கட்டிக்கொண்ட ஒரே ஆள் என்ற பெருமை அவனுக்கு உண்டு.

"என்னைப் பார்த்து என்ன கண்டுபிடிச்சே?" என்று அவன் அடிக்கடி கேட்பான்.

"கியரைத் தேடிக்கிட்டே இருந்தே. பாவமா இருந்துச்சு."

இப்படி எல்லாவற்றையும் துருவிப் பார்க்கிறவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரையும் துருவ விடமாட்டாள். முதல் பிரசவம் எப்படி இருந்தது என்று கேட்டால் "நார்மல்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

நார்மல்தான், பொய்யில்லை. பெரிய ஆஸ்பத்திரி. உயரமான மேசை, முகத்துக்கு நேரே விளக்கு, சுற்றிலும் ஆட்கள். ஆளாளுக்குப் பேசினார்கள், அவளைத் தாண்டி ஒருவருக்கொருவர். அவளிடம் யாரும் பேசவில்லை. "முக்கு, முக்கு" என்று ஒரு குரல் மட்டும் அதட்டிக்கொண்டே இருந்தது. திடீரென்று அவள் வயிற்றின் மேல் ஒரு முழங்கை வந்து விழுந்து, முழு உடம்பின் கனத்தோடு கீழே அமுக்கியது. யாருடைய கை, எதற்கு, இன்னும் எவ்வளவு நேரம், ஒன்றும் தெரியவில்லை. முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. குழந்தை பிறந்தது. தங்கமான பெண் குழந்தை, இப்போது பள்ளிக்கூடம் போகிறது, முன்பல் விழுந்து சிரிக்கிறது. தாயும் சேயும் நலம் என்று ஊரெல்லாம் வாழ்த்தியபோது அவளுக்கு என்ன புகார் சொல்வதென்றே புரியவில்லை. நல்லபடியாக முடிந்ததே, அப்புறம் என்ன என்று அவளே தன் வாயை அடைத்துக்கொண்டாள். ஆனால் தூக்கத்தில் மகள் காலைத் தூக்கி அவள் வயிற்றின் மேல் போட்டால் இன்றைக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடும். இதைக் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால் இரண்டாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அந்தக் கையின் கனம்தான் வந்தது. சந்தோஷம் மறுநாள் மெதுவாக வந்து சேர்ந்தது. இந்தத் தடவை அன்றைக்குத் தன் பக்கத்தில் நிற்கப்போவது யார் என்று முன்னாலேயே தெரிந்துகொண்டுதான் படுப்பேன் என்று அவள் முடிவு கட்டினாள்.

அவர்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பிரசவ நிலையம் இருந்தது. அங்கே முறையாகப் படித்த மருத்துவச்சிகள்தான் பிரசவம் பார்ப்பார்கள். சிக்கல் வந்தால் மாடியில் டாக்டர் இருப்பார். எந்த மருத்துவச்சியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அவரே மாதாமாதம் வீட்டுக்கு வந்து பார்த்து, கடைசியில் பிரசவ அறையிலும் கூட இருப்பார். இப்போது மூன்று பேரிடம் இடம் இருக்கிறது என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொன்னாள்.

"பேசிப் பாருங்க. யாரைப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க. மூணு பேரையும் பார்த்துட்டுத்தான் சொல்லணும், அது எங்க வழக்கம்."

"என்னன்னு கேட்கறது?" என்று அன்று சாயங்காலம் அவள் கணவனிடம் புலம்பினாள்.

"கேள்விக்கா உனக்குப் பஞ்சம்? எங்க அம்மாவையே நாலு கேள்வியில அழ வெச்சவ நீ."

"கேள்வி கேட்டா எல்லாரும் நல்ல பதிலாத்தான் சொல்வாங்க. நாற்காலியில உட்கார வெச்சுக் கேட்டா எங்கிட்ட வர்ற அத்தனை பேரும் சூப்பராத்தான் ஓட்டறாங்க. சாவியைக் கையில கொடுத்தாத்தானே தெரியுது."

சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கணவன் மெல்ல எழுந்து நகரப் பார்த்தான். அந்த முகம் அவனுக்குப் பழக்கம்.

மருத்துவச்சிகள் வீடு வீடாகப் போகிறவர்கள். ஆளுக்கொரு கார் வைத்திருந்தார்கள். மறுநாள் அவள் முதலாமவரிடம் போய், "சிஸ்டர், நீங்க அடுத்த வீட்டுக்குப் போறப்ப நானும் கார்ல வரட்டுமா? வழியில பேசிக்கிட்டே போகலாம்" என்றாள். வாசலில் இறங்கிக்கொள்கிறேன், வீட்டுக்குள் மூக்கை நுழைக்க மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்த சிஸ்டர் கலகலப்பானவர், ஒத்துக்கொண்டார். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை பேச்சுக்கு. இண்டிகேட்டர் என்று ஒரு பொருள் வண்டியில் இருப்பதே அவருக்குத் தெரியாது போலிருந்தது. முதல் திருப்பத்திலேயே ஃபெயிலக்காவின் கால் இல்லாத பிரேக்கைத் தேடியது. மூன்றாவது திருப்பத்தில் மனதுக்குள் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, இறங்கி வீட்டுக்கு வந்தாள்.

இரண்டாமவர் ஓட்டியதைப் பார்த்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறைதான். உட்கார்ந்ததும் இருக்கையைச் சரிசெய்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடி, அந்தப் பக்கக் கண்ணாடி, இந்தப் பக்கக் கண்ணாடி என்று வரிசையாகப் பார்த்தார். மஞ்சள் விளக்கில் நின்றார். கடைசியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, கோட்டுக்கு நேராக நிறுத்தினார். அவருக்கு அவள் கண்ணாடி சிஸ்டர் என்று பெயர் வைத்தாள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதிலும் சொன்னார். ஐம்பதை நெருங்கிய, சுத்தமான, நேரம் தவறாத மனுஷி.

"முடிச்சிட்டேன். அவங்கதான்" என்று வீட்டுக்கு வந்து அறிவித்தாள்.

"குழந்தை பெத்துக்க ரிவர்ஸ் பார்க்கிங் எதுக்கு?" என்றான் கணவன். அவனை அவள் முறைத்த முறைப்பில் அவன் எழுந்துபோய் பாத்திரம் கழுவினான்.

மூன்றாமவரை வழக்கத்துக்காகத்தான் பார்க்கப் போனாள். அந்த சிஸ்டரின் கார் வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்கலாம். முன்பக்க பம்பரை நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பிரசவ நிலைய வாசலில் வந்து ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது, பாதி நடைபாதையில், பாதி சாலையில். இறங்கிய பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்கதானே என்கூட வர்றேன்னு சொன்னவங்க? ஏறுங்க. ஆனா கதவை நான்தான் வெளியேயிருந்து சாத்தணும்" என்றார்.

கயிறு சிஸ்டர் என்று பெயர் தானாக விழுந்தது. கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி இரண்டு முறை துள்ளியது. முதல் சந்து தாண்டவில்லை, புகை வந்து நின்றுவிட்டது. சிஸ்டர் சாவியைத் திருகினார், கெஞ்சினார், ஒரு தட்டுத் தட்டினார். வண்டி மசியவில்லை.

"ஒரு பொண்ணுக்குப் பால் கட்டிக்கிட்டு காய்ச்சல். காத்துக்கிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல் திரும்பி, "உங்ககிட்ட வண்டி இருக்கா?" என்றார்.

இருந்தது. பக்கத்துத் தெருவில்தான் நின்றது. ஆறு மாத வயிற்றை ஸ்டியரிங்குக்குப் பின்னால் பக்குவமாக நுழைத்துக்கொண்டு ஃபெயிலக்கா உட்கார்ந்தாள். கயிறு சிஸ்டர் பக்கத்தில் ஏறி, பையை மடியில் வைத்து, கைகளைப் பையின் மேல் வைத்துக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஃபெயிலக்கா ஓட்டும்போது பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்தவர் இதுவரை யாரும் கிடையாது. கணவன் காலால் தரையை மிதித்து மிதித்து விரிப்பில் ஓட்டையே போட்டிருந்தான். உடன் வேலை பார்க்கிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தொண்டையைக் கனைப்பார்கள். அவளும் பதிலுக்குத் தோளை இறுக்கிக்கொண்டுதான் ஓட்டுவாள். அன்றும் இறுக்கிக்கொண்டாள்.

ஒரு சந்திலிருந்து லாரி ஒன்று கேட்பாரில்லாமல் பின்பக்கமாக வந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். ஓரக்கண்ணில் பார்த்தாள். கயிறு சிஸ்டரின் கை மடியிலிருந்து ஒரு சாண் உயர்ந்து, அங்கேயே நின்று, வண்டி நின்றதும் திரும்ப மடிக்குப் போனது. வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவள் பதற்றத்தில் ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிட்டாள்.

"தப்பாத் திரும்பிட்டேனா?"

"ஆமா. இதுவும் அங்கதான் போகும். கொஞ்சம் சுத்து."

பள்ளிக்கூடச் சுவர் ஓரமாகப் போகும்போது சிஸ்டர் தாழ்ந்த குரலில், "அந்தப் பக்கம் ஒரு சைக்கிள்" என்றார். அவள் பார்க்கவில்லைதான். ஒதுங்கினாள். சைக்கிள் போனது. அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

அவளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "லாரி வந்தப்ப உங்களுக்குப் பயமா இல்லையா, சிஸ்டர்?"

"இருந்துச்சே. உசுரு தொண்டைக்கு வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் கத்தல?"

"நீங்கதான் அதுக்குள்ள மிதிச்சிட்டீங்களே. நான் கத்தினா லாரியையும் பார்க்கணும், என்னையும் பார்க்கணும். உங்களுக்கு எதுக்கு ரெண்டு வேலை?"

அப்போதுதான் அவள் தன் தோள் இறங்கியிருப்பதைக் கவனித்தாள். சிஸ்டர் சொன்ன வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவர் உள்ளே போனதும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று பேரும் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாளே, பிரசவத்தன்று ஓட்டப்போவது யார்? அவள்தானே! பிள்ளை பெறப்போகிறவள் அவள். மருத்துவச்சிக்கு அன்றைக்குப் பக்கத்து இருக்கை. இத்தனை வருஷம் அந்த இருக்கையைத் தேய்த்த தனக்கு இது உறைக்காமல் போனதே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல அவள் ஆள் இல்லை. ஒருவருக்கு வைத்த தேர்வை இன்னொருவருக்கு வைக்காமல் விடுவது அவள் தொழிலுக்கே இழுக்கு. ஒற்றைக் கையால் ஓட்டிய முதல் சிஸ்டருக்கு மறுதேர்வு கிடையாது. கண்ணாடி சிஸ்டருக்குக் கட்டாயம் உண்டு. இரண்டு நாள் கழித்து அவரிடம் போய், "உங்களை நான் கொண்டுபோய் விடறேன், சிஸ்டர்" என்றாள்.

ஏறியதும் கண்ணாடி சிஸ்டர் பெல்ட்டைப் போட்டார். அவளுடைய பெல்ட்டையும் சரிபார்த்தார். சாலைக்கு வந்ததும் ஆரம்பித்தது. "பின்னால பஸ். இப்ப வேணாம். இப்பப் போங்க. போங்க, போங்க! மெதுவா." சொன்னதெல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. அதனால் கோபப்படவும் முடியவில்லை. ஃபெயிலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஒரு நாற்சந்தியில் குறுக்கே ஓர் ஆட்டோ வந்தது. அவள் பார்த்துவிட்டாள், கால் பிரேக்குக்குப் போய்விட்டது. அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியது. அவளுடைய கைகளின் மேலேயே, முழு பலத்தோடு.

வண்டி ஓரமாகப் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார். ஆனால் ஃபெயிலக்காவுக்கு மூச்சு வாங்கியது. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, பட்டப்பகலில், நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, ஓவென்று அழுதாள்.

"அடிபட்டுடுச்சா? எங்க வலிக்குது?" என்று கண்ணாடி சிஸ்டர் பதறி அவள் நாடியைப் பிடித்தார்.

"அடி இல்ல சிஸ்டர். உங்க கை."

அவ்வளவு வருஷமும் யாரிடமும் சொல்லாததை, ஓரமாக நின்ற வண்டியில், தன்னை அழவைத்தவரிடமே சொன்னாள். மேசை, விளக்கு, முகம் தெரியாத அந்த முழங்கை எல்லாவற்றையும். சிஸ்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"அமுக்கவே கூடாது. அந்தத் தப்பை நான் செஞ்சதில்ல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எனக்குக் கை சும்மா இருக்காதும்மா. அது உண்மை. எதாவது ஆயிடுமோன்னு முன்னாடியே கை போயிடும். நிறையப் பேருக்கு அது பிடிக்கும், நம்மளை யாரோ தாங்கிப் பிடிச்சுக்கிறாங்கன்னு இருக்கும். உங்களுக்கு ஆகாது. அந்தக் கயிறு கட்டின வண்டிக்காரிகிட்டப் போங்க. வண்டி ஓட்டத்தான் தெரியாது அவளுக்கு" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் வைத்துக் கணவனிடமும் சொன்னாள். ஒரு தடவை சொல்லிவிட்டதால் இரண்டாவது தடவை வார்த்தை தடையில்லாமல் வந்தது. அவன் அடுப்பை அணைத்தான்.

"நான் அப்ப வெளிய உட்கார்ந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தேன்" என்றான்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"கேட்டிருக்கணும். நீ நார்மல்தான்னு சொன்னதும் விட்டுட்டேன்." அவள் அவன் முதுகில் கை வைத்தாள். இந்தத் தடவை உள்ளே வருகிறேன் என்றான். வா, ஆனால் பிஸ்கட் கொண்டுவராதே என்றாள்.

கயிறு சிஸ்டர் மாதாமாதம் வீட்டுக்கு வந்தார், சில மாதம் பஸ்ஸில். அவள் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததற்குத் தெரியாது என்றார், அடுத்த தடவை வரும்போது தெரிந்துகொண்டு வந்தார்.

வலி ஒரு காலையில் வந்தது. மத்தியானம் அது அவளைப் பிழிந்தெடுத்தது. பிரசவ அறையில் ஜன்னல் திறந்திருந்தது, வெளியே யாரோ மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. அவள் மண்டிபோட்டுக் கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தாள். கணவனின் மணிக்கட்டு அவள் பிடியில் சிவந்துபோயிருந்தது. சிஸ்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவ்வப்போது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தலை தெரிவதும் உள்ளே போவதுமாக இருந்தது. ஒரு கட்டத்தில் அவளுக்கு எல்லாம் விட்டுப்போய்விட்டது.

"என்னால முடியல சிஸ்டர்! யாரையாவது கூப்பிடுங்க! அமுக்குங்க, இழுங்க, என்னவோ பண்ணுங்க, எப்படியாவது வெளிய எடுத்துடுங்க!" என்று கத்தினாள்.

எதற்குப் பயந்து இத்தனை பாடு பட்டாளோ அதையே தன் வாயால் கேட்டுவிட்டாள். கணவன் திகைத்துப்போய் சிஸ்டரைப் பார்த்தான்.

சிஸ்டர் நகர்ந்து வந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தார்.

"அமுக்க மாட்டேன், அது தப்பு. மாடியில டாக்டர் இருக்காங்க, கூப்பிட்டா இப்பவே வந்து உதவி பண்ணுவாங்க. குழந்தைக்கு ஒண்ணும் இல்ல, துடிப்பு நல்லா இருக்கு, அவசரம் இல்ல. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இல்ல கூப்பிடலாம். ரெண்டும் சரிதான். நீங்க சொல்லுங்க. என்ன பண்ணட்டும்?"

கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். டாக்டரைக் கூப்பிடுவதற்குக் கட்டிலை ஒட்டிய சுவரில் இருந்த பித்தானுக்குப் பக்கத்தில் ஒரு கை போய்விட்டது, ஆனால் அமுக்கவில்லை. கணவனும் அவள் வாயையே பார்த்தான். இரண்டு வலிகளுக்கு நடுவே இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் தன் உடம்பையே கேட்டுப் பார்த்தாள். பயம் இருந்தது. அதற்குக் கீழே பலமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"வேணாம்" என்றாள். "இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன்."

ஒரு தடவை போதவில்லை, இன்னும் சில தடவை ஆயிற்று. கடைசியில் சூடாக, வழுக்கலாக ஒரு தலை வந்தபோது சிஸ்டரின் கைகளோடு அவளுடைய கைகளும் அங்கே இருந்தன. குழந்தை வீறிட்டது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். கணவன் அழுதுகொண்டிருந்தான். அவள் மட்டும் சிரித்தாள், அடக்க முடியாமல், தோள் குலுங்க.

"என்னம்மா, ஏன் சிரிக்கிற?" என்று அவன் பயந்துபோய்க் கேட்டான்.

"என்னைக் கேட்டாங்கப்பா" என்றாள் அவள். "பார்த்தியா? என்னைக் கேட்டாங்க."